சாமி அலமாரியில் சுற்றிய ஸ்க்ரூ

எங்கள் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டிய அன்று காலை, நான் ஒரு ஸ்க்ரூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பெரிய ஸ்க்ரூ என்று நினைத்துவிட வேண்டாம். என் சுண்டுவிரல் நீளம்கூட வராது. ஆனால் அது சுவரை விட்டு வந்தால்தான் சாமி அலமாரி வரும். அலமாரி வந்தால்தான் என் மனைவி வருவாள். அவள் வந்தால்தான் அங்கே பால் பொங்கும். ஆக, நாங்கள் சொந்த வீட்டுக்குப் போவதா, சேலையூர் வாடகை வீட்டிலேயே கிடப்பதா என்பது அன்றைக்கு அந்த ஸ்க்ரூவின் கையில் இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். கேம்ப் ரோடிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், கீழ் வீட்டில் எட்டு வருஷம் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரம்மா. நான் பத்தாவதோடு படிப்பை முடித்தவன். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. சொந்த வீடு என்பதெல்லாம் நம் ஜாதகத்தில் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்தச் சமயத்தில் மேடவாக்கத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ஃபிளாட் எழும்பிக்கொண்டிருந்தது. எல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளை மனதில் வைத்துக் கட்டியவை. அதில் ஒன்று, கீழ்த்தளத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பிள்ளைகள் யாரும் சீந்தவில்லை. அதை முருகன் எங்களுக்கென்று எடுத்து வைத்திருந்தார் என்று நான் நம்பினேன். இன்றும் நம்புகிறேன்.

என் மனைவிக்கு அந்த நம்பிக்கை முழுசாக வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. வீட்டை முடிவு செய்வதற்கு முன்னால் தெருமுனை முருகன் கோயிலில் பூ போட்டுப் பார்த்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சந்நிதியில் வைத்து, எங்கள் மகளை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பிரித்தால் செவ்வரளி.

"முருகனுக்கு உகந்த பூவே செவ்வரளிதானே? அவரே தன் பூவை எடுத்துக் குடுத்திருக்கார்," என்றேன் நான். ஃபிளாட் ஆசை என்னை அப்படிப் பேச வைத்தது.

"அதெல்லாம் எடுக்குறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும். வந்தப்புறம் அர்த்தத்தை மாத்தக் கூடாது," என்றாள் அவள்.

வீட்டை வாங்கினோம். ஆனால் அந்தச் சிவப்புப் பூ அவள் மனதில் ஒரு மூலையில் வாடாமல் அப்படியே இருந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை எடுக்கப் போன கடையில்கூட, "சிவப்பு மட்டும் வேண்டாங்க," என்றாள்.

பால் காய்ச்ச ஜோசியர் குறித்துக் கொடுத்தது ஒரு திங்கட்கிழமை, காலை ஆறிலிருந்து ஏழரை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். புது வீட்டுக்குள் முதலில் சாமி போக வேண்டும், பின்னால் உப்பு, மஞ்சள், அரிசி, நிறைகுடம், அதற்குப் பின்னால்தான் நாங்கள். இதில் எந்த மாற்றமும் கிடையாது. சாமி என்றால் வேறு ஏதோ ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போவதும் கிடையாது. எட்டு வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்ட அதே முருகன், அதே அலமாரியோடு வர வேண்டும். படத்தை மட்டும் தனியாக எடுக்கவும் வழியில்லை. அலமாரியைச் செய்தவர் வள்ளி தெய்வானையோடு இருக்கும் படத்தைப் பின்பலகையிலேயே வைத்து, சுற்றிலும் சட்டம் அடித்துவிட்டார். மூன்றடி உயரம், இரண்டடி அகலம், மேலே ஒரு சின்ன கோபுரம், கதவில் இரண்டு மணி. பின்பலகையின் நான்கு மூலையிலும் நான்கு ஸ்க்ரூ போட்டு, சுவரோடு நான்தான் என் கையால் பொருத்தியிருந்தேன்.

முதல் நாளே என் மச்சினியும் மகளும் புது வீட்டுக்குப் போய்விட்டார்கள். கூட்டிப் பெருக்கப் போகிறவர்கள் குடிபோகிறவர்கள் கணக்கில் வர மாட்டார்கள் என்பது என் மனைவியின் சட்டம். அடுப்பும் பால் பாத்திரமும் அவர்கள் பொறுப்பு. நாங்கள் அலமாரியோடு போய்ச் சேர வேண்டும். மற்ற சாமான்களை அப்புறம் இரண்டு நடையாக ஏற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு.

காலையில் குளித்து, விளக்கேற்றிக் கும்பிட்டு, ஆறு மணிக்கு என் மனைவி விளக்கை மலையேற்றினாள். நான் திருப்புளியை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் நின்றேன். வாசலில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வந்து நின்றது. டிரைவர் முப்பது வயசுக்காரர், காதில் பீடி சொருகியிருந்தது. சாமி இருக்கிறது என்றதும் அதை எடுத்து வண்டியிலேயே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே வந்தார்.

"இந்த அலமாரி ஒண்ணுதானா சார்? அஞ்சு நிமிட் வேலை. எட்டரைக்கு எனக்கு வண்டலூர்ல ஒரு லோடு கீது, ஷார்ப்பா வுட்டுடணும்."

"அஞ்சு நிமிஷம்கூட ஆகாது," என்றேன்.

திருப்புளியை முதல் ஸ்க்ரூவில் வைத்தேன். அது பிடிக்கவில்லை. ஸ்க்ரூ இருக்கிற இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டுதான் இருந்தது. மற்ற மூன்று மூலையிலும் அப்படியே. என் மனைவி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் படத்துக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, அந்த நான்கு ஸ்க்ரூவுக்கும் சேர்த்து வைத்திருக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன். கோலத்துக்கு நாலு மூலையிலும் பூ வைப்பது போல என்று அழகாகத்தான் தோன்றியது. எட்டு வருஷத்துச் சந்தனம் ஸ்க்ரூவின் தலையில் இருக்கும் பள்ளத்துக்குள் இறங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சிமெண்டு மாதிரி இறுகிப்போயிருந்தது.

"ஸ்க்ரூவுக்கு எதுக்கும்மா பொட்டு?" என்றேன்.

"சாமியைத் தாங்குறது அதுங்கதானே. வெறும் நெத்தியா நிக்குதேன்னு வெச்சேன்," என்றாள்.

தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கு ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். நான் அதன் முனையால் பள்ளத்தைச் சுரண்ட, அவள் கீழே ஒரு வெற்றிலையை ஏந்திக்கொண்டு, "தரையில சிந்தாம, தரையில சிந்தாம," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பல்லுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் மாதிரி நான் குத்தினேன், நோண்டினேன், ஊதினேன். டிரைவர் அந்த வெற்றிலையிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு, வெளியே போய் வண்டி ஸ்டியரிங்குக்கும் வைத்துவிட்டு வந்தார்.

"எட்டு வருச குங்குமம் அக்கா. கோயில்லயே கெடைக்காது."

முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது துருப்பிடித்து அசைய மறுத்தது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் திரியை நனைத்து அதன் தலையில் நாலு சொட்டு விட்டு, "முருகா," என்று அழுத்தித் திருப்பினேன். கிறீச் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அதுவும் வந்தது. மணி ஆறரைதான். ஏழுக்குக் கிளம்பினால்கூட ஏழரைக்குள் மேடவாக்கம் போய் அடுப்பைப் பற்றவைத்துவிடலாம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நாலாவது ஸ்க்ரூ கீழே வலது மூலையில், விளக்குக்குப் பக்கத்தில். அதில் திருப்புளியை வைத்ததும் தானாக வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஆகா, எவ்வளவு சுலபம் என்று திருப்பினேன். திரும்பியது. இன்னும் திருப்பினேன். இன்னும் திரும்பியது. பத்து சுற்று சுற்றியிருப்பேன். ஒரு நூல் அளவுகூட வெளியே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு, கிரகம் சுற்றுவது போலச் சுற்றியது.

"சார், ராங் சைடு திருப்புறியா?" என்றார் டிரைவர்.

எதிர்ப்பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கமும் அப்படியே சுற்றியது. இரண்டு பக்கமும் சம்மதம் என்கிறது, ஆனால் வரவில்லை. டிரைவர் வண்டியிலிருந்து கட்டிங் பிளேயர் கொண்டுவந்தார். ஸ்க்ரூவின் தலை பலகைக்குள் பதிந்திருந்ததால் பிளேயரின் வாய்க்கு எதுவும் அகப்படவில்லை. திருப்புளிக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவில் ரப்பர் பேண்டை வைத்துத் திருப்பினோம். ரப்பர் பேண்டு அறுந்ததுதான் மிச்சம்.

"சார், நீ மேல கெட்டியா புடிச்சுக்கோ. நான் கீழ ஒரே ஒரு ஒதை..."

"சாமியை ஒதைக்கப் போறியா தம்பி?" என்று என் மனைவி எழுந்தே விட்டாள்.

"ஐயோ அக்கா, நான் செவுத்தச் சொன்னேன்!"

நடுவில் செல்போன் அடித்தது. மச்சினி. "மாமா, பால் வாங்கி வெச்சுட்டேன். அடுப்புக்கும் பொட்டு வெச்சாச்சு. நீங்க எங்க வர்றீங்க? ராஜகீழ்ப்பாக்கம் தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டே இருக்கோம்," என்று சொல்லிப் போனை வைத்தேன். வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஸ்க்ரூ ஏன் சுற்றுகிறது என்று எனக்கு மட்டும் தெரியும். ஸ்க்ரூ பிடித்து நிற்பதற்காகச் சுவரில் ஓட்டை போட்டு, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகுவோம். ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி முடுக்கினால் அதன் மரை அந்த பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொள்ளும், பிளக்கும் சுவரில் இறுகிக்கொள்ளும். நான் அந்த நாலாவது ஸ்க்ரூவை மட்டும் முடுக்கவில்லை. சுத்தியலால் இரண்டே அடியில் ஆணி மாதிரி உள்ளே இறக்கிவிட்டேன். அதில் ஓட்டை பெரிசாகி, பிளக்குக்குப் பிடிமானம் போய்விட்டது. ஸ்க்ரூவைத் திருப்பினால் அதுவும் சேர்ந்து சுற்றுகிறது. பாரத்தைத் தாங்கியது மற்ற மூன்றும்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் அலமாரியை மாட்டி விளக்கேற்றிவிட வேண்டும் என்று அவள் சமையலறையிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று ஸ்க்ரூ முடுக்கி முடிப்பதற்குள் என் கையில் கொப்புளம் வந்துவிட்டது. "மணி என்னங்க?" என்றாள். வாட்ச்சைப் பார்த்தேன். பத்து நாற்பது. "பத்து இருபத்தஞ்சு!" என்று கத்திவிட்டு, நாலாவதை இரண்டு அடி அடித்து முடித்தேன். அவள் ஓடி வந்து சந்தோஷமாக விளக்கேற்றினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல மனசு வரவில்லை. அதற்கப்புறம் சொல்ல நேரமும் வரவில்லை.

அந்தக் குட்டு இப்போது என் கண் முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது. மணி ஆறே முக்கால் ஆகிவிட்டது. எங்கள் சத்தத்தைக் கேட்டு வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். கையில் காபி டம்ளர். நல்ல மனுஷி. ஆனால் வாயில் வருவதைச் சொல்லிவிடுவார். சுற்றுகிற ஸ்க்ரூவைப் பார்த்தார், முருகனைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார்.

"மூணு வந்துடுச்சு, ஒண்ணு மட்டும் வரலையா? இத்தனை வருஷம் இருந்த இடமில்ல... அவருக்கு இங்கேருந்து போக மனசு வரல போலிருக்கு."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஒரு வாய் காபி குடித்தார். என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் வெற்றிலை, அதில் சுரண்டிய குங்குமம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தச் சிவப்புப் பூ.

"போதுங்க, விட்டுடுங்க," என்றாள். "ஒரு தடவை பூவுல சொன்னார். நாம கேக்கல. இப்ப திரும்பவும் சொல்றார். அவர் வர மாட்டேங்கிற வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

"என்னம்மா இது, ஒரு ஸ்க்ரூவுக்கு..."

"ஸ்க்ரூ இல்லீங்க இது."

டிரைவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். வீட்டுக்காரம்மாவுக்கே சங்கடமாகிவிட்டது. "நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்மா," என்றார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஸ்க்ரூவோடு போராடி எப்படியாவது பிடுங்கி, அவளைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போகலாம். வருவாள். ஆனால் ஒவ்வொரு தலைவலிக்கும் ஒவ்வொரு மின்வெட்டுக்கும், சாமி வேண்டாம் என்ற வீட்டுக்கு வந்துவிட்டோம் என்றே நினைப்பாள். இன்னொரு வழி, உண்மையைச் சொல்வது. அதில் வேறு ஆபத்து. எட்டு வருஷம் கும்பிட்ட விளக்கை ராகு காலத்தில் ஏற்றியிருக்கிறோம் என்று தெரிந்தால் அவள் மனசு என்ன ஆகும்? நான் முருகனைப் பார்த்தேன். அவர் வழக்கம்போல் சிரித்துக்கொண்டிருந்தார். என் தப்புக்கு அவர் பெயர் கெடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாரு, சாமி மேல பழியப் போடாத," என்றேன். "அது சுத்துறதுக்கு நான்தான் காரணம். அந்த ஒண்ணை மட்டும் நான் முடுக்கல. சுத்தியால அடிச்சேன்."

"ஸ்க்ரூவையா?"

"ஆமா."

"ஸ்க்ரூவ யாராச்சும் சுத்தியால அடிப்பாங்களா சார்?" என்று டிரைவர் திரும்பினார்.

"நீ சும்மா இருப்பா."

"ஏன் அடிச்சீங்க?" என்றாள் அவள்.

"நேரம் ஆயிடுச்சு, அதான்."

"எங்க ஆச்சு? நான் கேட்டப்போ பத்து இருபத்தஞ்சுன்னு சொன்னீங்களே." குடிவந்த அன்று நான் சொன்ன நிமிஷம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"பத்து நாப்பது," என்றேன்.

வீட்டுக்காரம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டார். "ராகு காலத்துலயா!"

"அப்ப நான் விளக்கேத்தினது?" என்றாள் என் மனைவி.

"பத்தே முக்கால் இருக்கும்."

அவள் எழுந்து படத்துக்கு எதிரில் வந்து நின்றாள். நான் திருப்புளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தண்டனைக்கு நிற்கிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி நின்றேன்.

"எட்டு வருஷம்," என்றாள் படத்தைப் பார்த்து. "இவர்தான் சொல்லல. நீங்களாவது சொல்லியிருக்கலாமில்ல?"

முருகனைத்தான் கேட்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. அதற்குள் அவள் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அழுகிறாள் என்று பயந்து பக்கத்தில் போனால், சிரிக்கிறாள். அழுகையும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

"ராகு காலத்துல மாட்டி, சுத்தியால அடிச்சு, பொய்யும் சொல்லி... அத்தனையும் பொறுத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கார் பாருங்க. நான் இந்த விளக்கு முன்னாடி அழுதுதானே உங்களுக்கு வந்த மஞ்சக்காமாலை இறங்குச்சு?"

"நேரம் பாக்காம வெச்சதாலதான் மஞ்சக்காமாலையே வந்திருக்கும்," என்றார் வீட்டுக்காரம்மா.

"வந்துச்சு, போயிடுச்சில்ல அக்கா," என்றாள் இவள்.

வீட்டுக்காரம்மா மிச்சக் காபியைக் குடித்தார்.

"அவர் வர மாட்டேன்னு சொல்லலைங்க," என்றாள் என் மனைவி. "நீங்க அடிச்ச அடியில நகர முடியாம நிக்கிறார். தள்ளுங்க." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மூட்டை கட்டி வைத்திருந்த பாத்திரங்களைக் கடகடவென்று உருட்டினாள். திரும்பி வந்தபோது கையில் தோசைத் திருப்பி. பட்டையான, மெல்லிய, எவர்சில்வர் தோசைத் திருப்பி.

"தோசை கல்லுல ஒட்டிக்கிட்டா என்ன பண்றோம்? இழுத்தா பிய்யும். அடியில விட்டு நெம்பணும்."

தோசைத் திருப்பியைக் கழுவித் துடைத்து, சுவரில் சுண்ணாம்பு பெயராமல் இருக்க ஒரு துணியை மடித்து வைத்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்க்ரூ இருக்கிற இடத்தருகே செருகினாள். மற்ற மூன்று ஸ்க்ரூவும் வந்துவிட்டதால் அங்கே ஒரு நூல் இடைவெளி இருந்தது. டிரைவர் அலமாரிக்குக் கீழே முட்டி போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிக்கொண்டார்.

"நீங்க திருப்புங்க. நான் நெம்புறேன். ஒரேயடியா வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா."

நான் திருப்பினேன். அவள் மெதுவாக நெம்பினாள். பலகை ஸ்க்ரூவின் தலையை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஸ்க்ரூவுக்கு இப்போது முதுகில் ஒரு தள்ளு. அரை நூல் வந்தது. ஒரு நூல் வந்தது. சுவருக்குள்ளிருந்து பொடி உதிர்ந்தது.

"வருது வருது வருது," என்றார் டிரைவர் கீழேயிருந்து. "அக்கா, சூப்பர்! சார், நீ நிறுத்தாத!"

"உங்க பக்கம் சாயுது தம்பி, பார்த்து."

"என் தலையில வுழுந்தாலும் சாமிதானே அக்கா, புண்ணியம்தான்."

பொத் என்று ஒரு சத்தம். ஸ்க்ரூவும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த பச்சை பிளாஸ்டிக் பிளக்கும் ஒன்றாக வெளியே வந்தன. அலமாரி டிரைவரின் கையில் குழந்தை மாதிரி வந்து உட்கார்ந்தது. மணி இரண்டும் ஒரு தரம் கிணுங்கின. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சுவரில் மட்டும் ஒரு கோலிக்குண்டு போகிற அளவுக்குப் பள்ளம். நான் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன்.

"போகட்டும் விடுங்க," என்றார். "அதுல ஒரு பொட்டு வெச்சு நான் காலண்டர் மாட்டிக்கிறேன்."

மணி ஏழு இருபத்தைந்து. பால் காய்ச்ச இனி ஐந்தே நிமிஷம். மேடவாக்கத்துக்கு எப்படிப் பறந்தாலும் இருபது நிமிஷம். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "தெரியும். ஒன்பதுக்கு மேல காய்ச்சிக்கலாம்," என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

அலமாரியை வெள்ளைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்றினோம். அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றாள். பின்னால், அலமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உப்பும் மஞ்சளும் நிறைகுடமும் காலடியில் இருக்க, ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் தண்ணீர் என் வேட்டியில் கொட்டியது. ஆபீசுக்குப் போகிற டூவீலர்கள் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தன. சிக்னலில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். முருகனுக்கா, இந்த நிலைமையில் இருக்கிற எனக்காகவா, தெரியவில்லை.

புது வீட்டு கேட்டுக்கு வந்தபோது எட்டாகப் பத்து நிமிஷம். மச்சினி ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள்.

"வெளிய வராதே, அங்கேயே நில்லு. ராகு காலம்," என்றாள் என் மனைவி.

"அக்கா, அப்ப என்ன பண்றது?"

"உக்கார்றது."

உட்கார்ந்தோம். சொந்த வீட்டுக்கு வெளியே, கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் மணைப்பலகை போட்டு அலமாரியை வைத்து, அதன் இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேர். வண்டலூர் லோடை நினைத்து டிரைவர் கிளம்பத் துடித்தார். "காபி குடிச்சுட்டுப் போ தம்பி," என்றதும், லோடுக்காரரிடம் போனில் நேரம் தள்ளிச் சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். மச்சினி ஜன்னல் கம்பி வழியாக டம்ளர்களை நீட்டினாள். பால் காய்ச்ச வாங்கிய பாலிலும் புது அடுப்பிலும் கைவைக்காமல், பக்கத்து ஃபிளாட்டில் கடன் கேட்டு அங்கேயே போட்ட காபி. கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்ட பிள்ளைகள் ஒவ்வொருவராக வேலைக்குக் கிளம்பி வந்தார்கள். "புதுசா வந்திருக்கீங்களா ஆன்ட்டி? சாவி இல்லையா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சாவி இருக்கும்மா. நேரம் இல்ல," என்றாள் இவள்.

எட்டரை இருக்கும். தண்ணீர் லாரி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்று ஹாரன் அடித்தது. தொட்டிக்குத் தண்ணீர் விட வந்திருக்கிறது. குட்டியானை வழியில் நின்றது.

"யோவ், வண்டிய எடுய்யா!" என்று லாரிக்காரர் தலையை நீட்டினார். பிறகு அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஐய, சாமியா... மெதுவா எடு, மெதுவா எடு," என்றார். லாரியின் மேல்மூடி வழியாகத் தண்ணீர் தளும்பி, இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது.

என் மனைவி எழுந்து நின்றாள். "என்னங்க, பாத்தீங்களா? நிறைகுடம் எதிர்ல வருது!"

நான் தெருவைப் பார்த்தேன். குடம் எதுவும் தெரியவில்லை. பிறகு லாரியைப் பார்த்தேன்.

"இவ்வளவு பெரிய குடம் யாருக்கு எதிர்ல வந்திருக்கு?" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிவப்புப் பூ அந்த நிமிஷம் அவள் மனசிலிருந்து உதிர்ந்துவிட்டது என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. லாரிக்காரருக்கும் ஒரு காபி சொன்னாள்.

அதற்கப்புறம் நேரம் போனதே தெரியவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் தொட்டிக்குள் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் வாட்ச்சைப் பார்த்து எழுந்து, வேட்டியை உதறி, அலமாரியில் கை வைத்தேன்.

"மணி என்ன?" என்றாள்.

"ஒன்பது அடிச்சு மூணு நிமிஷம் ஆச்சு. வா, போலாம்."

அவள் அசையவில்லை. லாரிக்காரர் பக்கம் திரும்பி, "அண்ணா, உங்க வாட்ச்சுல மணி என்ன?" என்று கேட்டாள்.